பழைய ஜீப் வாங்கியாச்சா? வீட்லயே பார்த்துக்கிறதுக்கு ஒரு வழிகாட்டி, மலைப்பக்கம் இருக்கிறவங்களுக்கு

கோத்தகிரி பக்கம் எங்க ஊர்ல இப்ப வீட்டுக்கு வீடு கார் நிக்குது, ஆனா மழை புடிச்சு தோட்டத்து மண் ரோடு சேறாகிட்டா தேயிலை மூட்டைய மேல கொண்டு வர்றது இன்னிக்கும் அந்தப் பழைய ஜீப்தான். அதைப் பார்த்து ஆசைப்பட்டு சின்னப் பசங்க நிறைய பேரு மகிந்திரா எம்எம் 540, கமாண்டர், மாருதி ஜிப்ஸின்னு கெடச்சதை வாங்கிடுறாங்க, வாங்கின மறு வாரமே போன் வருது, "அண்ணா வண்டி எடுக்க மாட்டேங்குது, செல்ஃப் மோட்டார் மாத்திடலாமா"ன்னு. வேண்டாம் தம்பி. இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றதே இவ்ளோதான், எங்க கோளாறுன்னு தெரியாம ஒரு வாஷர் கூட வாங்காதீங்க.

நான் மெக்கானிக் கிடையாது. மாமா ஓட்டிட்டு இருந்த ஜீப் அவருக்கு முழங்கால் வலி வந்ததுக்கப்புறம் என் தலையில விழுந்துச்சு. முதல் வருஷம் செல்ஃப் மோட்டாரை ரெண்டு தடவ கழட்டி சரி பண்ணேன், புது பேட்டரி போட்டேன், அப்பவும் காலையில "டக்"னு ஒரு சத்தம் மட்டும்தான். கடைசில ஒரு வயசான மெக்கானிக் அண்ணன் வந்து, இஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியோட அடிச்சட்டம்) நடுவுல இருந்த, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற எர்த் பட்டைய கழட்டி, உப்புத்தாள் போட்டு தேச்சு, திரும்ப மாட்டுனாரு. அடுத்த செகண்டு ஸ்டார்ட். டீ காசு மட்டும் வாங்கிட்டுப் போனாரு, நான் அதுவரைக்கும் செலவு பண்ணினத வெளிய சொல்லல.

முதல்ல கையில என்ன வண்டி இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்

மகிந்திரா 1947ல வில்லிஸ் ஜீப்பைத்தான் இங்க கொண்டு வந்து கோர்க்க ஆரம்பிச்சாங்க, அந்த வம்சம் தான் எம்எம் 540 வரைக்கும் வருது. அதனால சேஸிஸ், ஆக்ஸில் பக்கம் நட்டு போல்ட்டெல்லாம் பெரும்பாலும் இன்ச் கணக்கு, ஆனா 540ல உக்காந்திருக்கிற 2112 சிசி பெஜோ டீசல் இஞ்சின் மில்லிமீட்டர் கணக்கு. இது தெரியாம 9/16 ஸ்பானர வெச்சு 14ம் நம்பர் போல்ட்டை திருப்பினீங்கன்னா தலை வழுக்கி உருண்டையாகி, அப்புறம் அதை எடுக்க வெல்டிங் கடைக்குத் தான் போகணும். ரெண்டு செட் ரிங் ஸ்பானரும் வாங்குங்க, இன்ச்சுல 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 இருந்தா முக்காவாசி வேலை ஓடிடும். அது போக நல்ல ஜாக்கி ஒண்ணு, ஸ்டாண்டு ரெண்டு, மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், கிரீஸ் கன், தலையில மாட்டுற டார்ச். மூணு மணிக்கே மிஸ்ட் இறங்கி இருட்டாகிடுற ஊர்ல கையில டார்ச் புடிச்சுக்கிட்டு வேலை பார்க்க முடியாது.

சில 540லயும் கமாண்டர்லயும் 2523 சிசி டிஐ (டீசலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுற வகை) இஞ்சின் இருக்கும், ஜிப்ஸி பெட்ரோல். டீசல் சமாச்சாரம் தவிர கீழ சொல்றதுல பெரும்பகுதி எல்லாத்துக்கும் பொருந்தும்.

ஜாக்கி போடுறதுக்கு முன்னாடி இதை படிச்சுடுங்க

இதை மட்டும் ரெண்டு தடவ படிங்க. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புங்கள்ல ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்துல புடிக்காது, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இஞ்சின் சக்திய முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரிக்கிற பெட்டி) பின்னாடி, சக்கரத்துக்கு சக்திய கொண்டு போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ல ஒரு டிரம் இருக்கும், அதைத்தான் புடிக்கும். நாலு சக்கரமும் தரையில இருக்கிற வரைக்கும் பிரச்சனை இல்ல. பின்னாடி ஒரு சக்கரத்தை ஜாக்கில தூக்கினதும் ஷாஃப்ட் நின்னாலும் டிஃப்ரன்ஷியல் (ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) வழியா தூக்கின சக்கரம் ஒரு பக்கம் சுத்த, தரையில இருக்கிற சக்கரம் இன்னொரு பக்கம் உருள, வண்டி சத்தமில்லாம ஜாக்கிய விட்டு இறங்கி நகர்ந்துடும். கியர்ல போட்டு வெச்சாலும் இதே கதைதான். நம்ம ஊர்ல சமதளம்னு சொல்றதே பாதி சரிவு, அதனால தரையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை போட்டே ஆகணும். கல்லு வைக்கிறது பழக்கம் தான், உருண்டைக் கல்லு வைக்காதீங்க, சரிவா செதுக்குன சவுக்குக் கட்டை ரெண்டு எப்பவும் வண்டியிலயே கிடக்கட்டும். ஜாக்கி மேல வண்டிய நிறுத்திட்டு அடியில படுக்கவே கூடாது, ஸ்டாண்டு மேல உக்கார வெச்சு, தோளால ஒரு தள்ளு தள்ளிப் பார்த்து, அசையலன்னா மட்டும் உள்ள போங்க.

அட்டை வைத்தியம்

வண்டி வாங்கின அன்னிக்கு ராத்திரி நாலஞ்சு அட்டைப்பெட்டிய பிரிச்சு வண்டிக்கடியில விரிச்சு வெச்சுடுங்க, முன் சக்கரம் எங்க இருக்குன்னு பேனால ஒரு கோடு. காலையில பார்த்தா எது எங்க ஒழுகுதுன்னு படம் போட்ட மாதிரி இருக்கும். கறுப்பா வழவழப்பா இருந்தா இஞ்சின் ஆயில், கெட்டியா ஒரு மாதிரி கந்தக வாடை அடிச்சா கியர் ஆயில், பச்சையோ துருத்தண்ணியோ இருந்தா ரேடியேட்டர், சக்கரத்துக்கு உள்பக்கம் கலரே இல்லாம எண்ணெய் மாதிரி தெரிஞ்சா பிரேக் ஆயில். கடைசியா சொன்னது ஒரு சொட்டு இருந்தாலும் வண்டி அன்னிக்கு வெளிய போகக்கூடாது. மத்ததுக்கெல்லாம் டைம் இருக்கு, பழைய ஜீப் ஒழுகலன்னா உள்ள ஆயிலே இல்லன்னு அர்த்தம்னு எங்க மாமா சொல்வாரு.

ஒழுகுது, சீல் மாத்தணும்னு ஓடாதீங்க. ஆக்ஸில் மேலயும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மேலயும் சின்ன ப்ரீதர் இருக்கும், மூச்சு விடுற ஓட்டை மாதிரி. அது சேறு அடைச்சுக்கிட்டா உள்ள சூடாகி விரியிற காத்து போக வழியில்லாம ஆயிலை சீல் வழியா வெளிய தள்ளும். ஒரு கம்பியும் கொஞ்சம் டீசலும் வெச்சு ப்ரீதரைக் குத்தி சுத்தம் பண்ணுங்க, ஒரு வாரம் ஓட்டுங்க, அதுக்கப்புறமும் ஒழுகினா சீல் பார்க்கலாம். ஆயில் மாத்தும்போது ஒண்ணு, கீழ டிரெயின் போல்ட்டை கழட்டுறதுக்கு முன்னாடி மேல ஊத்துற போல்ட் கழலுதான்னு பாருங்க. கீழ எல்லாத்தையும் வடிச்சுட்டு மேல போல்ட் துருப்புடிச்சு வரலன்னா வண்டி அங்கயே நிக்கும், எனக்கு நின்னுச்சு, தீபாவளிக்கு முந்தின நாள். வடியிற ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. பழைய ஆயிலை ஓடையில ஊத்தாதீங்க, இங்க ஊத்துறதெல்லாம் கடைசில பவானியில போய்த் தான் சேரும்.

வண்டி எடுக்கல

மலையில ஒரு வசதி, இறக்கம் பார்த்து நிறுத்தி ரெண்டாவது கியர்ல உருட்டி எடுத்துடலாம். அதுவே ஒரு வியாதி. ஒருத்தர் ஜீப்பை எப்ப பார்த்தாலும் மூக்கு கீழ பார்த்து நிக்குதுன்னா அவரு பேட்டரி செத்து ஆறு மாசம் ஆச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்.

வரிசையா பாருங்க. ஹெட்லைட்டை போட்டுட்டு சாவியத் திருப்புங்க. லைட் அப்படியே அணையிற மாதிரி மங்கிட்டா பேட்டரி வீக், இல்ல டெர்மினல்ல பூஞ்சை பூத்திருக்கு. லைட் பளிச்னு அப்படியே இருந்து ஒரு சத்தமும் வரலன்னா கரண்ட் செல்ஃபுக்கே போகல, சாவி ஸ்விட்ச், சாலினாய்டு (செல்ஃபுக்கு கரண்ட் விடுற ஸ்விட்ச்), அதுக்குப் போற கம்பி, இதுல ஒண்ணு. மல்டிமீட்டர்ல ராத்திரி முழுக்க சும்மா நின்ன பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், 12.2 காட்டினா பாதி காலி. இஞ்சின் ஓடும்போது 13.8லருந்து 14.4க்குள்ள வரணும், வரலன்னா டைனமோ இல்ல பெல்ட். அப்புறம் நான் காசைத் தொலைச்ச அந்த எர்த், மீட்டரோட ஒரு முனை பேட்டரி மைனஸ் மேல, இன்னொரு முனை இஞ்சின் பிளாக்ல சுத்தமான இரும்பு மேல, ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல, முடிஞ்சு போச்சு, வேற எதையும் தொடாதீங்க.

செல்ஃப் நல்லா சுத்துது ஆனா புடிக்கல அப்படின்னா சைலன்சரைப் பாருங்க. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது, எரியத்தான் மாட்டேங்குது. பெஜோ இஞ்சின்னா அது ஹீட்டர் பிளக் (குளிர்ல எடுக்க இஞ்சின் உள்ள சூடு காட்டுறது) வேலை. டிசம்பர் ஜனவரியில புல்லு மேல உறைபனி விழுற காலத்துல ஹீட்டர் போடாம அடிச்சா பேட்டரிதான் தீரும். பிளக்கோட கம்பிய கழட்டிட்டு டெஸ்ட் லாம்ப்போட ஒரு முனைய பேட்டரி ப்ளஸ்லயும் இன்னொரு முனைய பிளக் தலையிலயும் வைங்க, லாம்ப் எரிஞ்சா பிளக் உயிரோட இருக்கு. எரியாத பிளக்கை மட்டும் மாத்துங்க. டிஐ இஞ்சினுக்கு இந்த பிளக் கிடையாது, அதுல வெள்ளைப் புகைன்னா நாசில் (டீசலைப் பீச்சுற மூக்கு), கம்ப்ரஷன் பக்கம் யோசிக்கணும்.

புகையே வரலன்னா டீசல் வந்து சேரல. முதல்ல ஸ்டாப் கேபிள் (இஞ்சினை அணைக்க இழுக்கிறது) முழுசா உள்ள போயிருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, துரு ஏறின கேபிள் பாதியில நின்னுக்கும், நான் அரை நாள் பம்ப்பை முறைச்சுப் பார்த்துட்டு இருந்திருக்கேன். அப்புறம் டேங்க். அதுக்கப்புறம் ஏர். ஏர் எடுக்கிறது பெரிய வித்தை இல்ல. ஃபில்டர் மேல இருக்கிற ஏர் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து லூஸ் பண்ணிட்டு ஹேண்ட் பம்ப்பை அடிங்க, நுரை நுரையா வரும், நுரை நின்னு டீசல் கம்பி மாதிரி வர்ற வரைக்கும் அடிச்சுட்டு, அடிச்சுக்கிட்டே டைட் பண்ணுங்க. அப்புறம் எஃப்ஐ பம்ப்புல (நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்புற பம்ப்) இருக்கிற ஏர் ஸ்க்ரூ, அதே மாதிரி. அப்பவும் எடுக்கலன்னா நாசில் பைப் நட்டு ரெண்டை கொஞ்சமா லூஸ் பண்ணி செல்ஃப் அடிச்சா அதுல இருக்கிற ஏரும் போயிடும், டைட் பண்ணினா டபக்னு புடிக்கும். பைப்புல இருந்து பீச்சுற டீசலுக்கு நேரா கைய காட்டாதீங்க, அந்தப் பிரஷர் தோலைத் துளைச்சுட்டு உள்ள போயிடும், ஆஸ்பத்திரி வேலை ஆயிடும். வாரா வாரம் ஏர் புடிக்குதுன்னா எங்கயோ உறிஞ்சுதுன்னு அர்த்தம், பெரும்பாலும் டேங்க்லருந்து வர்ற ரப்பர் ஹோஸ், இல்லன்னா ரெண்டு தடவ யூஸ் பண்ணின செம்பு வாஷர்.

சூடாகுது

கடல் மட்டத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்கும், 2240 மீட்டர் உசரத்துல இருக்கிற ஊட்டியில 92, 93லயே கொதிச்சுடும். இதனாலதான் கோயமுத்தூர்ல ஒழுங்கா ஓடின வண்டி இங்க ஏற்றத்துல கொதிக்குது. அந்தக் கொதிநிலைய தூக்கிப் புடிக்கிறது ரேடியேட்டர் மூடி, உள்ள ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் நின்னா சுமாரா ஒன்றரை டிகிரி கூடும். மூடியோட ரப்பர் வெடிச்சுப் போச்சுன்னா அந்த அழுத்தம் நிக்காது. சிலர் ரேடியேட்டரையே மாத்திட்டு பழைய மூடியை திரும்ப போடுவாங்க பாருங்க, தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை. முதல்ல மூடி, அதுல எழுதியிருக்கிற அதே பிஎஸ்ஐ. சூட்டுல மூடிய திறக்கவே கூடாது.

மூடி சரின்னா பெல்ட், கட்டை விரலால அழுத்தினா அரை இன்ச் இறங்கணும். அப்புறம் ரேடியேட்டர் முன்பக்கம், தோட்டத்துக்குள்ள ஓடுற வண்டியில புல்லு விதையும் தூசியும் சல்லடைய அடைச்சிருக்கும், இஞ்சின் பக்கத்துலருந்து வெளியே பார்த்து தண்ணி அடிங்க, ரொம்ப வேகமா அடிச்சா துடுப்பு மடங்கிடும். அதுவும் சரின்னா, இஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியக் கழட்டி வெச்சுட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, தண்ணிக்குள்ள விடாம குமிழி வந்துக்கிட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் மேல்மூடிக்கு அடியில இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கு, அது நம்ம வேலை இல்ல.

"தெர்மோஸ்டாட்டை கழட்டி வீசிடு தம்பி"ன்னு கீழ் நாட்டுல எல்லாரும் சொல்வாங்க. இங்க அதைக் கேக்காதீங்க, இஞ்சின் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி போக விடாம புடிச்சு வெக்கிறது அதுதான். குளிர்ல இஞ்சின் சூடே ஏறாம ஓடிக்கிட்டு இருந்தா டீசலும் தின்னும் புகையும் கக்கும். அதை ஒரு நூல்ல கட்டி சட்டியில தண்ணிக்குள்ள தொங்க விட்டு அடுப்புல வைங்க, மேல எத்தனை டிகிரின்னு அடிச்சிருக்கும், பெரும்பாலும் 80க்குப் பக்கம், தண்ணி தளதளன்னு கொதிக்கிறதுக்குள்ள வாய் திறக்கணும். திறக்கலன்னா மாத்துங்க. வீட்டுக்காரிகிட்ட எந்தச் சட்டின்னு முன்னாடியே கேட்டுக்குங்க.

புகை பத்தி ரெண்டே வரி. நீலம்னா இஞ்சின் ஆயில் எரியுது. கறுப்புன்னா டீசலுக்கு ஏத்த காத்து பத்தல, ஏர் ஃபில்டரைப் பாருங்க. அதுக்கும் மேல ஊட்டி உசரத்துல காத்தே ஐஞ்சுல ஒரு பங்கு கம்மி, டர்போ இல்லாத இஞ்சின் லோடோட ஏறும்போது லேசா கறுப்பு அடிக்கத்தான் செய்யும், அதுக்காக பம்ப் ஸ்க்ரூவைத் திருகி விளையாடாதீங்க.

பிரேக்

ஓடாத வண்டி வீட்ல நிக்கும், நிக்காத வண்டிதான் ஆளைக் கொல்லும். எனக்கு இது புரிஞ்சது குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேல, மேட்டுப்பாளையம் இறங்கும்போது, பின்னாடி உருளைக்கிழங்கு மூட்டை, நான் மூணாவது கியர்ல பிரேக்கை மிதிச்சு மிதிச்சு வந்தேன், ஒரு வளைவுல பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி தரையைத் தொட்டுருச்சு. கியரைக் குறைச்சு, உள்பக்க மண் மேட்டுல உரசி நிறுத்தினேன். அரை மணி நேரம் கழிச்சு பெடல் பழையபடி கெட்டியா இருந்துச்சு, அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு. விஷயம் என்னன்னா பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், மிஸ்ட்லயே கிடக்கிற ஊர்ல இன்னும் சீக்கிரம் உறிஞ்சும், டிரம் சூடானதும் அந்தத் தண்ணி ஆவியாகி குமிழி ஆகுது, குமிழியத்தான் நீங்க மிதிக்கிறீங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ பிரேக் ஆயில் முழுசா மாத்துங்க, எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க, சூடான டிரம் மேல பச்சைத்தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விட்டுடும்.

பெடலே கோளாறைச் சொல்லும். ஒரு மிதில கீழ போகுது, ரெண்டு மூணு மிதில மேல வருதுன்னா ஷூ தேஞ்சு டிரம்மை விட்டுத் தள்ளி இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணணும். மெத்து மெத்துன்னு இருந்தா ஏர். கெட்டியா மிதிச்சு அரை நிமிஷம் அப்படியே வெச்சிருங்க, மெதுவா கீழ இறங்குது, ஆனா எங்கயும் ஒழுகலன்னா மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளுறது) உள்ள வாஷர் போச்சு. ஒரு பக்கமா இழுத்தா அந்தப் பக்கம் நல்லா புடிக்குது, எதிர்ப்பக்கத்துலதான் கோளாறு, அங்க வீல் சிலிண்டர் ஒழுகி லைனிங் நனைஞ்சிருக்கும். ரொம்பப் பழைய ஜீப்ல நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே லைன்தான், ஒரு சிலிண்டர் ஒழுகினாலும் நாலும் போச்சு, அதனால ஒழுகுறதை நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதீங்க.

ஷூ அட்ஜஸ்ட் பண்ண சக்கரத்தை தூக்கி, பின் தட்டுல இருக்கிற அட்ஜஸ்டர் போல்ட்டை சக்கரம் சுத்தாம இறுகுற வரைக்கும் திருப்பி, அப்புறம் உரசாம சுத்துற அளவுக்கு மட்டும் பின்னாடி விடுங்க. டிரம்மை கழட்டினா உள்ள இருக்கிற தூசிய வாயால ஊதாதீங்க, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால தொடைங்க.

ஏர் எடுக்க ரெண்டு பேர் வேணும். மாஸ்டர்லருந்து ரொம்ப தூரத்துல இருக்கிற சக்கரம் முதல்ல, நம்ம ஊர் வலது ஸ்டீரிங் வண்டிக்கு பின்னாடி இடது, அப்புறம் பின்னாடி வலது, முன்னாடி இடது, கடைசியா முன்னாடி வலது. நிப்பிள்ல டியூப் மாட்டி, மறுமுனைய பிரேக் ஆயில் கொஞ்சம் ஊத்தின பாட்டில்ல முக்கி வைங்க. உள்ள இருக்கிறவர் மிதிச்சு அப்படியே புடிச்சுக்கணும், நீங்க நிப்பிளைத் திறந்து மூடணும், மூடினேன்னு சொன்ன பிறகுதான் அவரு காலை எடுக்கணும். இந்த ஒரு விஷயத்துல அண்ணன் தம்பிக்குள்ள சண்டை வராத வீடே இல்ல, "மிதி", "விடு"ன்னு ரெண்டே வார்த்தை வெச்சுக்குங்க. நடுநடுவுல மாஸ்டர்ல ஆயில் இருக்கான்னு பார்க்கலன்னா காத்தை உறிஞ்சி முதல்லருந்து ஆரம்பிக்கணும். டாட் 3ன்னு (பிரேக் ஆயிலோட ரகம்) போட்டிருந்தா அதையே ஊத்துங்க, இஞ்சின் ஆயிலோ டீசலோ ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பரெல்லாம் ஊதிப் போயிடும்.

ஃபோர் வீல் விழுதா

வாங்கும்போது "ஃபோர் வீல் பக்காவா வேலை செய்யும்"னு சொல்லிருப்பாங்க, லிவர் மட்டும் அழகா நகரும். நீங்களே பாருங்க. சமமான இடத்துல நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டு, இஞ்சின் ஆஃப், கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் எடுத்துட்டு, முன் சக்கர லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்ஸிலோட சேர்க்கிற, பிரிக்கிற பூட்டு) ரெண்டையும் ஃப்ரீல வைங்க. லிவர் ரெண்டு வீல்ல இருக்கும்போது முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை கையால சுத்தினா சுத்தணும். லிவரை ஃபோர் வீல் ஹைல போட்டுட்டு சுத்திப் பாருங்க, இப்ப லேசா ஆடி நின்னுடணும், ஏன்னா ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வழியா பின் சக்கரம் அதைப் புடிச்சிருக்கு. இப்பவும் சுத்துதுன்னா உள்ள பல்லு விழல, வெளிய லிவர் லிங்க்கேஜ் தேஞ்சிருக்கான்னு முதல்ல பாருங்க, பாதி வண்டியில அதுதான்.

அது சரின்னா அடுத்தது ஹப். ரெண்டு ஹப்பையும் லாக் பண்ணி, ஃபோர் வீல்ல வெச்சு, முன்னாடி ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி கையால சுத்துங்க. சுத்தக்கூடாது. சுத்தினா ரெண்டு ஹப்புல ஏதோ ஒண்ணு புடிக்கல. கழட்டி, காஞ்சு கெட்டியான கிரீஸை டீசல்ல கழுவி, புது கிரீஸ் கொஞ்சமா தடவி மாட்டினா பெரும்பாலும் சரியாகிடும். ஒட்டுமொத்தமா கிரீஸை அடைச்சா குளிர்ல அதுவே பசை மாதிரி ஆகி ஹப்பை நகர விடாது.

காஞ்ச தார் ரோட்ல ஃபோர் வீல் போட்டு ஓட்டாதீங்க, ஊட்டியிலருந்து மசினகுடி இறங்குற கல்லட்டி ரோட்ல 36 கொண்டை ஊசி இருக்கு, அங்க போட்டா நல்லா புடிக்குமேன்னு ஒருத்தர் கேட்டாரு. இந்த ஜீப்புங்கள்ல முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃப்ரன்ஷியல் கிடையாது, வளைவுல முன் சக்கரம் அதிக தூரம் போகணும், போக முடியாம ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கும், கிராஸ் (ஷாஃப்ட் மடங்குற மூட்டு) உடையும். சேறு, ஈரப்புல்லு, சரளை இருந்தா தாராளமா போடலாம், சக்கரம் வழுக்கி முறுக்கை விட்டுக்கும். தெரியாம தார்ல போட்டு லிவர் வெளிய வரலன்னா சுத்தியலைத் தேடாதீங்க, பத்தடி நேரா ரிவர்ஸ் எடுங்க, முறுக்கு விட்டுட்டு தானா வரும்.

சத்தம் கேட்டு கண்டுபிடிக்கிறது தனிக் கலை. எடுக்கும்போது "டங்"னு அடிச்சா கிராஸ், ஷாஃப்ட்டுக்கடியில படுத்து கையால முறுக்கிப் பாருங்க, ஆட்டம் தெரியும். ஃபோர் வீல்ல முழுசா ஒடிச்சு திருப்பும்போது "கடக் கடக்"னா முன் ஆக்ஸில் ஜாயிண்ட். ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஊளையிட்டு விட்டா நின்னா கிரவுன் பினியன் (ஆக்ஸிலுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஓடுற பெரிய பல்சக்கரமும் சின்னதும்). வளைவுல ஒரு பக்கம் சாஞ்சா மட்டும் கூடுற உறுமல் வீல் பேரிங்.

ஸ்டீரிங் உதறல்

50ல போகும்போது ஒரு குழியில இறங்கினா ஸ்டீரிங் கையை விட்டுப் போற மாதிரி உதறும், நிறுத்தினாத்தான் அடங்கும். உடனே டேம்பர் (உதறலை அமுக்குற ஷாக்) போடச் சொல்வாங்க, அது வலிமாத்திரை மாதிரி. முதல்ல டயர் காத்து. அப்புறம் ஒருத்தரை ஸ்டீரிங்கை இப்படி அப்படி ஆட்டச் சொல்லிட்டு கீழ டை ராடு எண்டு (ஸ்டீரிங் கம்பியோட முனை மூட்டு) ஒவ்வொண்ணையும் கையால புடிச்சுப் பாருங்க, ஆட்டம் விரல்ல தெரியும். அப்புறம் முன் சக்கரத்தைத் தூக்கி மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை பிரேக்கை மிதிச்சுக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டுங்க, இப்ப ஆட்டம் போயிட்டா வீல் பேரிங், போகலன்னா கிங்பின் (முன் சக்கரம் திரும்புற அச்சு). கிங்பின் பேரிங்குக்கு ஷிம் (மெல்லிசான தகடு) எடுக்கிறது பொறுமை இருந்தா வீட்லயே பண்ணலாம், முதல் தடவ தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கட்டும். ஸ்ப்ரிங் பட்டையை ஆக்ஸிலோட கட்டுற யூ போல்ட்டையும் அப்படியே ஒரு இறுக்கு இறுக்கிடுங்க.

வயரிங் பத்தி நான் அதிகம் எழுத மாட்டேன், ஒவ்வொரு பழைய ஜீப்புலயும் நாலு பேரு நாலு கலர்ல இழுத்திருப்பாங்க. ஃபியூஸ் போனா சிகரெட் பேப்பர் ஜிகினாவ சுத்தி வைக்காதீங்க, டீசல் பைப்பும் அந்தக் கம்பியும் ஒரே வழியில தான் போகுது.

வீட்ல தொடக்கூடாதது எஃப்ஐ பம்ப் உள்பக்கம், கிரவுன் பினியன் செட்டிங், ஹெட். இதுக்கு அளவெடுக்கிற கருவியும் பெஞ்சும் வேணும். ஆனா அங்க கொண்டு போகும்போது "ஏதோ சத்தம் வருது"ன்னு சொல்லாம "மிதிச்சா ஊளை, விட்டா நிக்குது, ஆயில் பால் கலர் இல்ல, ப்ரீதர் பார்த்துட்டேன்"னு சொல்லிப் பாருங்க, பில்லு எழுதுற கையே கொஞ்சம் யோசிக்கும்.

எந்த வேலை பார்த்தாலும் ஒரு நாளைக்கு ஒரு மாத்தம்தான். ரெண்டு சாமானை ஒண்ணா மாத்திட்டா எதனால சரியாச்சுன்னே தெரியாது, திரும்ப வந்தா மறுபடி இருட்டுல தேடணும். முடிச்சதும் பக்கத்துலயே பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நாலு ஹப்பையும் புறங்கையால தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் சுட்டா அங்க பேரிங்கோ பிரேக்கோ புடிச்சிருக்கு. அப்புறம் ராத்திரி அட்டைய விரிச்சுடுங்க.

என்னோட அட்டையில இன்னிக்கு காலையில ரெண்டு சொட்டு, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு நேர் கீழ. போன வாரம் மூணு.